கடைசியா எப்போ?

"இந்த லட்சணத்துல நடத்தறதுக்கு மையத்தை இழுத்துப் பூட்டிடலாம், டாக்டர்!"

ஆய்வு அதிகாரி கொதித்துப் போயிருந்தாள். கொதிக்காமல் என்ன செய்வாள்? இரண்டு போதை மறுவாழ்வு மையங்களில் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு வாரம் முழுக்க அவளே போன் போட்டு, "இப்போ குடிக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

பெரிய மையத்து ஆட்கள் அத்தனை பேரும், "ஒரு சொட்டுகூடத் தொடலைங்க" என்றார்கள். இந்தச் சின்ன மையத்து ஆட்களில் பாதிப் பேர், "ஆமாங்க, போன வாரம்கூடக் குடிச்சுட்டேன்" என்று கூசாமல் சொன்னார்கள்.

"அவங்களுக்கு முதல் இடம். உங்களுக்குக் கடைசி இடம். அடுத்த வருஷம் அரசாங்க உதவி கிடையாது."

"அது இல்லாம நடத்த முடியாதே, மேடம்..." டாக்டரின் குரல் இறங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, தலையைத் தொங்கப் போட்டபடி ஒருவர் உள்ளே வந்தார். பழைய நோயாளி. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க, உக்காருங்க. கடைசியா எப்போ?"

"இன்னிக்குக் காலையில டாக்டர்."

"சரி, வந்துட்டீங்கல்ல, பாத்துக்கலாம். சாப்பிட்டீங்களா?"

அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நர்ஸ் அவரை வார்டுக்கு அழைத்துப் போனதும் டாக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிச்சீங்களான்னு அதட்டிக் கேக்காம, எப்போ குடிச்சீங்கன்னா கேப்பாங்க? நல்லா இருக்கு உங்க வைத்தியம்!"

"அதட்டிக் கேட்டா இல்லன்னுதான் மேடம் வரும். இல்லன்னு சொல்றவருக்கு நான் என்ன வைத்தியம் பாக்கறது?"

"இந்தச் சமாளிப்பெல்லாம் வேண்டாம். என் தம்பியும் குடிச்சவன்தான். அந்தப் பெரிய மையத்துலதான் சேர்த்தேன். தினமும் கேக்கறேன், குடிச்சேன்னு ஒரு நாள் சொன்னதில்ல. சிகிச்சைன்னா அது!"

அறிக்கைத் தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு அதிகாரி கிளம்பினாள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, வழக்கம் போலக் கேட்டாள்.

"குடிச்சியாடா?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் தம்பி சொன்னான். "ஒரு சொட்டுகூடத் தொடலக்கா."

செருப்பில் வைத்த கை அப்படியே நின்றது. பெரிய மையத்து ஆட்கள் வாரம் முழுக்கப் போனில் சொன்ன அதே வார்த்தைகள், அதே அவசரம்.

மெல்லப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"கடைசியா எப்போடா?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். திட்டப் போகிறாளா என்று பார்த்தான். பிறகு முகம் உடைந்துபோனது.

"நேத்துக்கா. நீ தூங்கினப்புறம். தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னுதான்..."

அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அழுகை அடங்க இரண்டு பேருக்குமே நேரம் பிடித்தது. அப்புறம் போனை எடுத்தாள்.

"டாக்டர், அறிக்கையை நான் இன்னும் அனுப்பல. முதல்லேர்ந்து எழுதணும். அதுக்கு முன்னாடி, உங்க வார்டுல ஒரு படுக்கை காலியா இருக்கா?"

"இருக்கு மேடம். யாருக்கு?"

"முதல் இடம் வாங்கின மையத்துல குணமானவனுக்கு."