எண்பத்தொன்பது சதவீதம்

மணி பதினொன்றரை ஆகியும் என் புதுப் போனில் பேட்டரி எண்பத்தொன்பதில் நின்றது.

முந்தாநாள் வாங்கிய போன். நேற்று மத்தியானத்துக்குள் முப்பதுக்கு இறங்கிவிட்டது. சாயங்காலம் உட்கார்ந்து எதை எதையோ தட்டியதில் ‘பேட்டரி சேமிப்பு’ என்று ஒன்று கிடைத்தது. அதில் ‘அதிகபட்சம்’ என்பதைப் போட்டுவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சலவைக்கூடத்தில் எனக்கு இஸ்திரி வேலை. எதிரே நின்று விரிப்புகளை மடிக்கும் அக்காவுக்கு வயிற்றெரிச்சல்.

“என் போன் பத்து மணிக்கே மூச்சை விட்டுடுது. உனக்கு மட்டும் எப்படிடி?”

பெருமை பிடிபடாமல் போனை நீட்டினேன்.

ஊர்வம்பு பேசுவதற்காக நான் போன் வைத்திருக்கவில்லை. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாகச் சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். கையில் ஒட்டியிருக்கும் சென்சார், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அவள் போனுக்கு அனுப்பும். அங்கிருந்து என் போனுக்கு வரும். எழுபதுக்குக் கீழே போனால் இரண்டு போனும் அலறும். அதற்காகவே அவளுக்கு மட்டும் வகுப்பில் போன் வைத்துக்கொள்ள அனுமதி.

அலறியதும் நான் பள்ளிக்கூடத்தைக் கூப்பிடுவேன். டீச்சர் அவளிடம் ஓடுவார். ஒரே நாளில் ஆறு தடவை கூப்பிட்டதும் உண்டு.

இன்று காலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டு தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“அடிப்பாவி, இதைப் போட்டு வச்சா மெசேஜ்கூட வராதே!” என்று சொல்லிக்கொண்டே அக்கா அந்தச் சேமிப்பை அணைத்தார்.

போன் அலறியது.

நிறுத்தாமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினோரு தடவை.

பத்து ஐந்துக்கு அறுபத்தெட்டு. பத்து பத்துக்கு அறுபத்திரண்டு. பத்தே காலுக்கு ஐம்பத்தெட்டு. பத்து இருபதுக்கு ஐம்பத்துநான்கு.

அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்த ஏழிலும் ஒரே வரி: ‘தகவல் இல்லை’.

ஒரு மணி நேரம் பத்து நிமிடம். அத்தனை நேரமும் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

மகளைக் கூப்பிட்டேன். அவள் போன் அணைந்திருந்தது. பள்ளிக்கூடத்தைக் கூப்பிட வேண்டும். பழைய போனில் இரண்டாம் பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், மணி அடிக்கும். இதில் பெயர் எங்கே, எண் எங்கே என்று விரல் கண்ணாடியில் வழுக்கியது. எப்படியோ கண்டுபிடித்தபோது லைன் பிஸி. மறுபடியும் பிஸி.

அக்கா என் இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். “நீ கிளம்பு. இங்க நான் பாத்துக்கறேன்.”

பள்ளிக்கூடம் மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி. பஸ்ஸுக்காக நிற்க முடியவில்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். ஐம்பதுக்குக் கீழே போனால் மயக்கம் வரலாம், வலிப்பு வரலாம் என்று டாக்டர் சொன்னது காதுக்குள்ளேயே இருந்தது. கழிப்பறைக்குப் போயிருப்பாளோ? கதவைத் தாழ் போட்டிருப்பாளோ? யாராவது தட்டிப் பார்த்திருப்பார்களா?

சிக்னலில் மூச்சு வாங்கியபோது போனைப் பார்த்தேன். எண்பத்தெட்டு. அந்த எண்ணைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. என் குழந்தையை விட்டுவிட்டுப் பேட்டரியைக் காப்பாற்றியிருக்கிறேன்.

கேட்டில் வாட்ச்மேன் ஏதோ கேட்டார். நிற்காமல் உள்ளே ஓடினேன். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில் அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

என்னைப் பார்த்ததும் டீச்சரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கன்னம், நெற்றி, கை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். விரலைக் குத்திப் பார்க்கும் கருவி அவள் பையிலேயே இருந்தது. குத்திப் பார்த்தோம். நூற்றுப் பதினாறு.

“ஐம்பத்துநாலு வரைக்கும் போச்சும்மா,” என்றாள், உள்ளே கேட்காத குரலில். “கணக்கு டெஸ்ட் நடுவுல. கை நடுங்குச்சு. நானே ஜூஸ் குடிச்சேன், ரெண்டு குளுக்கோஸ் மாத்திரையும் மென்னேன். இந்தப் போன் கத்திக்கிட்டே இருந்துச்சா, எல்லாரும் பாத்தாங்க. அணைச்சுட்டேன். அதுக்குத்தானே வந்தே? சாரிம்மா, இனிமே அணைக்க மாட்டேன்.”

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

“நீ போன் பண்ணுவே, டீச்சர் ஓடி வருவாங்க, கிளாஸே திரும்பிப் பாக்கும்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீ பண்ணவே இல்ல. முதல்ல அழுகையா வந்துச்சு.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நோய் வந்த பிறகு இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு சந்தோஷம் அதில்.

“அப்புறம்தான் புரிஞ்சுது. ஐம்பத்துநாலுன்னு பாத்துட்டும், நானே சமாளிச்சுக்குவேன்னு நம்பித்தானே கூப்பிடாம இருந்தே?”

“ஆமாண்டி கண்ணு,” என்றேன்.