அக்கா போட்ட பூட்டு

லிஃப்ட் கதவு எத்தனை செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி எழுதும் லிஃப்ட் புரோகிராமில் ஒரே ஒரு ஃபைலில் இருக்கிறது. அதில் ஏழு என்று எழுதி, வேறு யாரும் திருத்த முடியாதபடி பூட்டு போட்டிருந்தவர், ஊன்றுகோலோடு நடந்த எங்கள் சீனியர் அக்கா. "நாலு செகண்ட் போதுமாம்ல? என் கோலை ஊனிக்கிட்டு மேனேஜர் ஏறிக் காட்டட்டும்," என்பார். போன மாதம் இறந்துவிட்டார்.

மறுவாரமே மேனேஜர் அதை நான்காக்கச் சொன்னார். திங்கட்கிழமை, அட்மின் அனுமதி வாங்கி, திரையில் அக்காவின் பெயரோடு இருந்த பூட்டுக் குறியை நீக்கினேன். எண்ணை மாற்றலாம் என்று செவ்வாய்க்கிழமை திறந்தால், அது திரும்பியிருந்தது. அக்காவின் அக்கவுண்டையே அழித்தார்கள். புதன்கிழமையும் அதே பெயரில் பூட்டு இருந்தது. போட்ட நேரம் ஒன்பது பத்து. அக்கா தினமும் சீட்டுக்கு வரும் நேரம்.

"மறுபடி எடுங்க," என்றார் மேனேஜர்.

"மாட்டேன் சார். போட்டவங்களைக் கேட்டுட்டு நீங்களே எடுத்துக்கங்க."

"வேலை வேணுமா, வேண்டாமா?"

"உங்க நாலு வேண்டாம்."

அவரே என் நாற்காலியில் உட்கார்ந்து பூட்டை நீக்கினார். நான்கு என்று மாற்றி, புரோகிராமை எங்கள் ஆபீஸ் லிஃப்டில் ஏற்றிவிட்டு, "வாங்க, பார்த்துடலாம்," என்றார்.

இருவரும் உள்ளே ஏறினோம். நான் வாய்விட்டு எண்ணினேன். நான்கிலும் கதவு மூடவில்லை. ஐந்தில் அவர் மூடும் பட்டனை அழுத்தினார். ஆறில், வெளியே கோலின் ரப்பர் முனை தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"அவசரப்படுத்தாதீங்க சார்."

ஓரமாக நகர்ந்து இடம் விட்டேன். ஏழில் கதவு மூடியது.