மூக்கு ஒழுகாத மெஷின்

“அந்த ரியாஸோட வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்காதீங்க பாஸ். அவனை ஊருக்கு அனுப்பிடுங்க.”

புனிதா உட்காரக்கூட இல்லை. மலேசியாவின் காப்பார் நகரில் இருந்த அந்தப் பிளாஸ்டிக் தொழிற்சாலையின் மேலாளர் பாலன், மேசையில் பரப்பியிருந்த மருந்துப் புட்டி மூடிகளை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“என்னக்கா, காலையிலேயே இவ்வளவு சூடு?”

“ஒரே மெஷின். பகல்ல நான், ராத்திரியில அவன். சாயங்காலம் ஒப்படைச்சிட்டு பஸ்ல ஏறி ஜன்னல் வழியாத் திரும்பிப் பார்த்தா மெஷினை நிறுத்தி வெச்சிருக்கான். காலையில வந்து இறங்கினா அப்பவும் நிக்குது. நிக்கிற மெஷினைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது லா!”

“நானும் கேட்டுட்டேன். ‘கொஞ்சம் வேலை இருந்துச்சு சார்’னு மட்டும்தான் சொல்றான்.”

“என்ன வேலை? தேத்தண்ணி குடிக்கிற வேலையா? நான் வர்றப்பல்லாம் கையில கப்போடதான் நிக்கிறான்.”

பாலன் சிரிக்கவில்லை. புனிதா பொய் சொல்கிறவள் அல்லள். அவர் எதிரே இருந்த கணினித் திரையும் அதையேதான் சொன்னது. அந்த மெஷினில் இரவு உற்பத்தி ஒரு நாளும் பகலை எட்டியதில்லை. வாசல் சுவரில் ‘சிறந்த ஊழியர்’ என்ற எழுத்துகளுக்குக் கீழே இருப்பது புனிதாவின் படம்தான்.

“நாளைக்குப் பெர்மிட் புதுப்பிக்கிறவங்க பேரையெல்லாம் அனுப்பியாகணும்” என்றார். “இன்னிக்கு ராத்திரி அவன் பேக்கிங்ல இருக்கட்டும். உங்க மெஷினை ராத்திரி ஷிப்ட் ஜீவன் ஓட்டட்டும். வித்தியாசம் தெரிஞ்சா, லிஸ்ட்லேருந்து அவன் பேரை எடுத்துடறேன்.”

“தாராளமாப் பாருங்க. என்னோடது ராசியான மெஷின் பாஸ். மத்தது மாதிரி மூக்கு ஒழுகுறதே இல்ல.”

உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பீய்ச்சும் நாசிலுக்கு அங்கே மூக்கு என்றுதான் பெயர். அதன் நுனியில் கசிந்து ஒட்டியதைச் சூடு ஆறுவதற்குள் துடைத்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் ஷிப்ட் முடிகிற நேரத்தில் அது கருகி, வெள்ளை மூடிகளில் கரும்புள்ளியாக விழும்.

மறுநாள் காலை புனிதா பஸ்ஸை விட்டு இறங்கியபோதே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மனம் குளிர்ந்துபோனது. ஜீவன் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, “வரேன் அக்கா” என்று வெளியே பறந்தான்.

‘இவனல்லவா வேலைக்காரன்!’ என்று நினைத்தபடி அவள் கூடையிலிருந்து ஒரு மூடியை எடுத்தாள். கரும்புள்ளி. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் கரும்புள்ளி.

மெஷினை நிறுத்தி, மூக்கைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். தீய்ந்த பாகு போல நுனி முழுவதும் கறுப்பாக அப்பியிருந்தது. கிளம்பிய புகை தொண்டையில் இறங்க, இருமிக்கொண்டே வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். ஜீவன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தான்.

“ஏன்டா, மூக்கைச் சிந்திட்டுப் போகணும்னு தெரியாது? அடுத்து வர்றவ மனுஷி இல்லையா?”

ஜீவன் கோபப்படவில்லை. அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“அக்கா, நேத்து சாயங்காலம் நீங்க விட்டுட்டுப் போனது இதைவிட மோசம் லா. அதைச் சுரண்டி முடிக்கிறதுக்குள்ள என் கண்ணே எரிஞ்சு போச்சு. நீங்க எனக்கு எப்படிக் கொடுத்தீங்களோ, அப்படியே உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துட்டேன். சரியாப் போச்சு!”

வண்டி போய்விட்டது. புனிதா அங்கேயே நின்றாள்.

தினமும் சாயங்காலம் மணி அடித்ததும் ஓடிவிடுவாள், பஸ் காத்திருக்காது. அவள் போன பிறகு அந்த மூக்கை யார் துடைப்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. காலையில் அது எப்படிப் பளபளவென்று இருக்கிறது என்றும் யோசித்ததில்லை. ராசி என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து முகக்கவசம் மாட்டி, பித்தளைத் தூரிகையால் தேய்த்து முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தொண்டை எரிச்சல் அடங்க, சூடாக ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு மெஷின் அருகே நின்றாள். அந்த நேரம் பார்த்துப் பாலன் வந்தார்.

“என்னக்கா இது? மெஷின் நிக்குது, கையில கப்பு!”

புனிதா கப்பைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“பாஸ், ரியாஸ் பேரை அனுப்பிட்டீங்களா?”

“எடுத்துடலாம்னு இருக்கேன். நீங்கதானே சொன்னீங்க?”

“எடுக்காதீங்க. நேத்து நான் சொன்னது பொய்யில்ல. ரெண்டு தடவை நிறுத்துறான். சாயங்காலம் நிறுத்துறது என்னால. காலையில நிறுத்துறது எனக்காக.”

நடந்ததை அவள் சொல்லி முடிக்கும்வரை பாலன் கூடையிலிருந்து எடுத்த ஒரு கரும்புள்ளி மூடியையே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “அப்போ சுவர்ல இருக்கிற படத்துல பாதி முகம் அவனோடதுக்கா” என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தார். பெர்மிட் புதுப்பிக்கும் பட்டியலில் ரியாஸின் பெயர் அன்று மதியமே போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, புனிதா இல்லாமலே கிளம்பியது.

பழைய இடத்துக்குத் திரும்பிய ரியாஸ், மெஷின் நிற்பதைப் பார்த்துப் பதறி ஓடி வந்தான்.

“என்னாச்சுக்கா? மெஷின் கெட்டுப் போச்சா?”

துடைத்த மூக்கின் மேல் கடைசியாக ஒரு முறை துணியை ஓட்டிவிட்டு, ஆறாத தேத்தண்ணிக் கப்பை அவனிடம் நீட்டினாள் புனிதா.

“இல்ல தம்பி. கொஞ்சம் வேலை இருந்துச்சு.”