கணக்கு சாரின் மொட்டை

"சார், நீங்களா?"

மலைமேல் மொட்டை போடும் மண்டபத்தில், தலையில் தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்த துளசிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு, கழுத்தில் துண்டோடு சம்மணம் போட்டிருந்தவர் வேதாசலம். மகள் தேவிப்பிரியாவின் கணக்கு வாத்தியார்.

வேதாசலமும் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அப்படியொன்றும் சந்தோஷம் தெரியவில்லை.

"ஆங், துளசிங்கமா. வாங்க" என்றார், வீட்டுக்கு வந்தவரைக் கூப்பிடுவதுபோல.

துளசிங்கத்துக்கு இந்த மனிதரைக் கண்டாலே உதறல். நுழைவுத் தேர்வு எழுதி ஜெயித்தால்தான் சேர முடிகிற பள்ளி அது. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர் மகளுக்கு அங்கே இடம் கிடைத்ததே பெரிய காரியம். அதற்குள்ளேயும் உயர்கணித வகுப்பு என்று ஒன்று வைத்திருந்தார்கள். பிளஸ் ஒன்னில் கணக்கில் புலிகளாக இருப்பவர்களைப் பொறுக்கியெடுத்து ஹரிஹரன் சாரிடம் அனுப்புவார்கள். அதில் படித்தால் பெரிய கல்லூரிக்குப் போகலாம் என்று ஊரே பேசிக்கொண்டது. அதற்கான தேர்வை எழுதவே வேதாசலம் சிபாரிசு செய்ய வேண்டும். அவரைப் போய் இந்தப் பெண் பகைத்துக்கொண்டு நின்றாள்.

போன மாதம் அப்பாவைப் பள்ளிக்கே வரவழைத்துவிட்டார் வேதாசலம்.

"உங்க பொண்ணு வாயை மூடிகினு உக்கார மாட்டேங்குதுங்க. போர்டு நெறைய கணக்கைப் போட்டு முடிச்சு, கையைத் தட்டிகினு திரும்பறேன். 'சார், மூணாவது வரியில ஜீரோவால வகுத்துட்டீங்க'ன்னு எழுந்து நிக்குது. கிளாஸே சிரிக்குது. தெனமும் இதேதாங்க."

துளசிங்கம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். பெண்ணின் படிப்பு அவள் வாயாலேயே கெட்டுவிடுமோ என்று தறி ஓட்டும்போதெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. வேறு வழி தெரியாமல் முருகனைப் பிடித்துக்கொண்டார். அந்த வகுப்பில் இடம் கிடைத்தால் மொட்டை என்று வேண்டிக்கொண்டார். நேற்று பட்டியலை ஒட்டினார்கள். முதல் பெயரே தேவிப்பிரியா.

"சாருக்கு என்ன வேண்டுதல்ங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் துளசிங்கம்.

வேதாசலம் தொண்டையைச் செருமினார். "அது... உங்க பொண்ணு விஷயமாத்தான்."

"எம் பொண்ணு விஷயமாவா?"

"ஆங். அவ ஹரிஹரன் சார் கிளாஸுக்குப் போகணும்னு வேண்டிக்கினேன். போயிட்டா. அதான் வந்தேன்."

பெற்றவன் வேண்டிக்கொள்வது ஊர் உலகத்தில் இருக்கிறதுதான். வாத்தியார் வேண்டிக்கொண்டு மலையேறி வந்ததைத் துளசிங்கம் கேள்விப்பட்டதே இல்லை. இவரையா கரித்துக் கொட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்குங்க சார். ஞாயித்துக்கிழமையில எல்லாம் அவளை வரவழைச்சு கணக்கு சொல்லிக் குடுத்தீங்களே, பழிவாங்கறீங்கன்னுதான் நெனச்சிகினு இருந்தோம்."

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க? வுடுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார் வேதாசலம்.

முடி எடுப்பவர் அவருக்குத்தான் முதலில் ஆரம்பித்தார். கத்தி நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு பக்கமாக வழித்துக்கொண்டு போயிற்று. துளசிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து மகளுக்கு வீடியோ கால் போட்டார்.

"எம்மா, இங்க யாரு உக்காந்துகினு கீறாரு பாரு."

"வேணாங்க, அவளுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று வேதாசலம் கையைத் தூக்கினார். "ஆடாதீங்க சார்" என்று முடி எடுப்பவர் தலையைப் பிடித்து அமுக்கினார்.

தறிச் சத்தத்துக்கு நடுவே தேவிப்பிரியாவின் முகம் தெரிந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது, ஒரு பாதி பளபளவென்றும் மறு பாதி முடியோடும் இருந்த கணக்கு சாரின் தலை.

"நைனா, சாருக்கு என்ன ஆச்சு?"

"எல்லாம் உனக்காகம்மா. நீ அந்த கிளாஸுக்குப் போகணும்னு சார் முருகன்கிட்ட வேண்டிகினு இருக்காரு."

எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்கிற பெண், இதற்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியாமல் அழுதுவிட்டாள்.

"சார், நான் உங்களை எவ்ளோ தொல்லை பண்ணியிருக்கேன். எனக்காக நீங்க மொட்டை போட்டுக்கறீங்க. உங்களை வுட்டுட்டு நான் எங்கயும் போகல சார். அந்த கிளாஸ் வேணாம்னு இப்பவே ஹெச்.எம்.க்கு போன் பண்ணி சொல்லிடறேன். பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் உங்க கிளாஸ்தான். முதல் பெஞ்சுதான்."

போன் நின்றுவிட்டது. துளசிங்கத்துக்கு ஒரு நிமிடம் பகீரென்றது. அப்புறம், இப்படி ஒரு வாத்தியார் வாய்த்தால் எந்த வகுப்பாக இருந்தால்தான் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டார். சார் எவ்வளவு பூரித்துப் போயிருப்பார் என்று ஆசையோடு திரும்பினார்.

வேதாசலம் கத்தி பிடித்த கையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருந்தார்.

"உக்காருங்க சார். பாதியில எழுந்துக்கக் கூடாது, சாமி குத்தம் ஆயிடும்" என்றார் முடி எடுப்பவர்.

"என்னா குத்தம்? அந்தப் பொண்ணு என் கிளாஸை வுட்டு ஒழிஞ்சாத்தான் மொட்டைன்னு வேண்டிக்கினேன்" என்று துண்டை உதறிப் பாதித் தலையை மூடிக்கொண்டார் வேதாசலம். "எங்கய்யா ஒழிஞ்சா?"