அளவு ஜாக்கெட்

"ஒரு நூல்கூட லூஸ் விடாதீங்கக்கா. இந்த அளவு ஜாக்கெட் எப்படியோ, அப்படியே வேணும்" என்றாள் துர்கா.

முத்தியால்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் மஹ்பூபா, துர்கா நீட்டிய ஜாக்கெட்டையும் துர்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜாக்கெட் கல்யாணத்துக்கு முன்னால் தைத்தது. துர்காவுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"பால் குடுக்கற ஒடம்பு. இறுக்கிப் புடிச்சா மறுபடி பால் கட்டிக்கும், பாத்துக்க."

துர்காவுக்குச் சுருக்கென்றது. போன மாதம் மார்பில் கல் மாதிரி ஒரு கட்டி, அனலாய்க் காய்ச்சல், பிள்ளை வாய் வைத்தாலே உயிர் போகிற வலி. ஆஸ்பத்திரி நர்ஸம்மா மருந்தோடு விடவில்லை. நேரம் தவறாமல் பால் கொடுக்க வேண்டும், கட்டினாலும் நிறுத்தக் கூடாது, இறுக்கமான துணி பக்கமே போகக் கூடாது, கவனிக்காமல் விட்டால் சீழ் பிடித்தாலும் பிடிக்கும் என்று பாடமே நடத்திவிட்டாள்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கல்யாணம். 'என்னடி இப்படி ஊதிட்ட' என்று கேட்பதற்கென்றே அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தம் வருகிறது. அந்த வாய்களை அடைக்க அவளுக்கு இந்த ஜாக்கெட்டை விட்டால் வேறு வழி தெரியவில்லை.

மஹ்பூபா வாசல் பக்கம் திரும்பினாள். துர்காவின் கணவன் அன்பழகன் குழந்தை கவிநிலாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி எது சொன்னாலும் தலையாட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"நீயாவது சொல்லேம்பா" என்றாள் மஹ்பூபா.

"அவ ஆசைப்படறா. அந்த அளவுலயே தைச்சிடுங்கக்கா."

துர்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. மஹ்பூபாவும் அதற்கு மேல் வாதாடவில்லை. வழக்கம்போல ஒரு துண்டுச் சீட்டில், கொடுத்தவர் பெயரும் கொடுத்த கிழமையுமாக, 'துர்கா, வியாழன்' என்று எழுதிப் புதுத் துணியில் ஊக்கால் குத்திவிட்டு, "ஒரு நூல் மாறாது, போ" என்றாள்.

மாறவும் இல்லை. கல்யாணத்தன்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொக்கி மாட்டப் போனவளுக்கு, இழுத்த மூச்சு வீணாய்ப் போனது. கொக்கிகள் சமர்த்தாக விழுந்தன. எங்கும் பிடிக்கவில்லை, அழுத்தவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மணப்பெண் அறைக்கு ஓடி, நர்ஸம்மா சொன்னபடி பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். கட்டியும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

வேனில் வந்தவர்கள் வாயைத் திறக்குமுன் அவளே முந்திக்கொண்டாள். கல்யாணத்துக்கு முந்தின அளவுதான் இன்றைக்கும், வேண்டுமானால் டெய்லரையே கேட்டுப் பாருங்கள் என்று பந்திக்குப் பந்தி சொன்னாள். பக்கத்தில் நின்ற அன்பழகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

திங்கட்கிழமை, திரும்பி வந்த அளவு ஜாக்கெட்டைப் பீரோவில் வைக்க மடித்தபோது விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. உள்பக்கம் திருப்பினாள். மடிப்புக்குள் ஒரு ஊக்கு, அதில் மஹ்பூபாவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு:

'அன்பழகன், புதன். ரெண்டு பக்கமும் தையல் பிரித்து ஒரு இஞ்ச் விடவும். வீட்டம்மாவுக்குத் தெரியக் கூடாது.'