கறுப்பு வயர்

"கோவிக்காதீங்க மகன். உங்கட வெள்ளை வயரைக் கழட்டிட்டுப் போங்க."

ஊருக்குக் கேபிள் டீவி கொடுக்கும் மீராசா ஏணியைச் சுவரில் சாத்தினான். இந்தக் கிழமைக்குள் அவனை வேண்டாமென்ற ஏழாவது வீடு இது.

"என்ன குறை சபியா உம்மா? கடைத்தெருவில டிஷ் பூட்டி, உலகத்தையே புடிச்சி உங்கட வீட்டுக்குள்ள விட்டிரிக்கன்."

"உலகத்துல எனக்கு ஆரைத் தெரியும்? நம்மட ஊர்ப் பிறை டீவியில நேத்து என்ட பேரன்ட சுன்னத்துக் கலியாணம் காட்டினான். வட்டிலப்பத் தட்டோட நானே நடந்து போறன். அதைப் பாக்க மாவடிப்பள்ளியில இருந்து என்ட தங்கச்சி பஸ் ஏறி வந்தாள்."

"அந்த டீவிக்காரன் ஆரெண்டாவது தெரியுமா?"

"தையல்காரன் சீனிமுகம்மது கெமராவோட திரியிறான். கேட்டா, முதலாளி வேற ஆள் எங்கிறான். நல்ல டீவிதான். ஒரு குறை, பகல் ஒரு மணிக்கு நிப்பாட்டினா ரெண்டரைக்குத்தான் திரும்பப் போடுவான். இரவு ஒன்பதுக்கே பூட்டிடுவான்."

சோற்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் பூட்டிவிட்டுப் போகிறவனிடமா தோற்கிறோம் என்று மீராசாவுக்கு வயிறு எரிந்தது.

முந்தின நாள்தான் மனைவி பரீனாவிடம் சொல்லியிருந்தான். "இனி இந்தத் தொழில்ல சீவியம் இல்ல புள்ள. ஹஜ்ஜுப் பெருநாள் முடிய நான் சவூதிக்குப் போறன். நாளைக்குப் பின்னேரம் ஏஜென்சியில பாஸ்போட்டைக் குடுக்கணும்."

 பரீனா மெல்லக் கேட்டாள்.

"மச்சான், கொழும்புக் கேபிள் கொம்பனிக்காரன் ஒருத்தன் லொறி நிறைய வயரோட வந்தானே. ஏன் திரும்பிப் போனான்?"

"பிறை டீவி எப்படியெண்டு என்னட்டத்தான் வந்து கேட்டான். என்ட வயித்தெரிச்சலை எல்லாம் கொட்டினன். ஒருத்தனை ஒருத்தன் கடிச்சித் தின்னுற ஊருக்குள்ள மூணாவது ஆளுக்கு என்ன வேலையெண்டு லொறியைத் திருப்பிட்டான்."

"அப்ப பிறை டீவி உங்களுக்கு நல்லதுதானே செஞ்சிரிக்கி?"

"நல்லதா? கொம்பனிக்காரன் என்னை முழுசா முழுங்கியிருப்பான். இவன் பாதி பாதியா முழுங்குறான்."

பரீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இப்போது சபியா உம்மாவின் வீட்டில் வெள்ளை வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டான். "இந்தக் கறுப்பு வயர் எங்கால வருது உம்மா? ஆறு மாசமா ஒவ்வொரு போஸ்ட்டாப் பாத்துட்டன், தெருவுல காணயில்ல."

"தெருவால வந்தாத்தானே காணுவீங்க. அது வீட்டுக்குப் பின்னால, வளவுக்குள்ளால வருது."

மீராசா நெற்றியில் அடித்துக்கொண்டான். இந்த ஊரில் வீடெல்லாம் பெண் பிள்ளைகளின் சீதனம். அக்கா வீட்டுக்கு அடுத்து தங்கச்சி வீடு, அதற்கடுத்து சாச்சி மகள் வீடு. நடுமதிலில் ஒரு சின்னப் படலைக் கதவு. அதற்குள்ளால்தான் கறிக் கோப்பையும் போகும், கதையும் போகும். பெண்கள் நடக்கிற அந்தப் பாதையில் ஓர் ஆம்பிளையின் கண் போகாது.

இன்றைக்குப் போனது. அந்த முதலாளியின் முகத்தை ஒரு தரமாவது பார்த்து, நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பாஸ்போட்டைக் குடுப்பது என்று ஏணியைத் தோளில் வைத்தான். ஒவ்வொரு படலையிலும் நின்று சலாம் சொன்னான்.

"பொறுங்க மீராசாக் காக்கா, பொம்புளையள் நிக்கிறம்," என்று முக்காட்டை இழுத்துவிட்டாள் ஒருத்தி. "ஏணியும் தோளுமா எங்க? பிறை பாக்கவா?"

"ஓம் தங்கச்சி, பிறையைத்தான் தேடிப் போறன்."

அவளோடு நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். தேவைக்கு மிஞ்சிய சிரிப்பு.

வயர் முருங்கையில் ஏறியது. கோழிக்கூட்டுக் கூரையால் போனது. ஆறு வளவு தாண்டி, ஏழாவது வளவில் துணி காயப்போடும் கொடியோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

அந்தப் படலையில் மீராசா சலாம் சொல்ல மறந்துபோனான். கொடியில் காய்ந்துகொண்டிருந்தது அவன் நேற்று உடுத்திருந்த சாரன்.

கறுப்பு வயர் அந்தச் சாரனுக்குப் பின்னால் ஒளிந்து போய், குசினிக்குப் பக்கத்து அறையின் ஜன்னலுக்குள் நுழைந்தது. நெல்மூட்டை அடுக்கியிருக்கிறது என்று சொல்லிப் பரீனா ஆறு மாதமாகப் பூட்டி வைத்திருந்த அறை. மூட்டை ஒன்றையும் காணவில்லை. வீடியோ டெக்குக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்து, அடுத்த கசெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி.

"ஒரு மணிக்கும் ஒன்பது மணிக்கும்தானே மச்சான் வீட்டுக்கு வருவீங்க, இண்டைக்கென்ன நாலு மணிக்கு?" என்றாள் அவள், கசெட்டை மடியில் மறைக்கப் பார்த்து, முடியாமல். "கொழும்புக்காரன் வரப்போறான் எண்டு சீனிமுகம்மது சொன்னான். ரெண்டாவது டீவி எப்படியும் வரத்தான் போகுது, அது நம்மட வீட்டுக்குள்ள இருந்தே வரட்டுமெண்டு நினைச்சன். உங்களுக்குச் சொல்லியிருந்தா, கொழும்புக்காரனுக்கு முன்னால அவ்வளவு வயிறெரிஞ்சி நிக்க உங்களுக்கு வந்திருக்குமா? அவனும் லொறியைத் திருப்பியிருப்பானா?"

மீராசா ஏணியைத் தோளிலிருந்து இறக்கினான்.

"சவூதிக்கெல்லாம் போக ஏலாது," என்று கசெட்டை உள்ளே தள்ளினாள் பிறை டீவி முதலாளி. "பெருநாளைக்கு இன்னும் பதினெட்டு வீட்டுல வயர் கேக்கிறாங்க, அந்த ஏணியைக் கவனமாச் சாத்தி வைங்க."