நாயுடுபுரத்து மிளகாய் பஜ்ஜி

"சொல்ல வேண்டாம்னு வீட்டுக்குப் போயிட்டேன் தங்கச்சி. மனசு கேக்கல."

வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார் சுவாமிநாதன். நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடு.

"உக்காருங்கண்ணே. என்ன விஷயம்?" என்றாள் அடைக்கலமேரி.

"உங்க வீட்டுக்காரர் எங்கே?"

"செபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருக்காக. இப்பல்லாம் ஒரு சாயங்காலம் தவறுறதில்ல."

"கோயிலுக்கா!" சுவாமிநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "நாயுடுபுரத்துல, பழனிக்குமார் கடையில நின்னு மிளகாய் பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தாரு மரியசூசை. என் கண்ணால பாத்தேன்."

அடைக்கலமேரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சுகர்னா விளையாட்டா? அவரோட அண்ணனுக்குக் கால்ல சின்னப் புண்ணுதானே வந்துச்சு? கடைசியில முழங்காலோட எடுக்கலையா? நானும் சுகர்காரன்தான். நான் கட்டுப்பாடா இல்லையா? 'தினமும் நடங்க, இல்லேன்னா ஊசிதான்'னு டாக்டர் எத்தனை தடவை சொன்னாரு!"

"ஆமாண்ணே. ஏரியைச் சுத்தி நடந்துட்டு வாங்கன்னா குளிருதும்பாக. வெயிலடிச்சா முட்டி வலிக்குதும்பாக. நான் வாங்கிக் குடுத்த ஷூ பெட்டியோட கெடந்துச்சு."

"நடக்க முட்டி வலிக்கும். பஜ்ஜி திங்க மட்டும்..."

கதவு திறந்தது. மரியசூசை நின்றார். ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். அந்த மலைக்குளிரிலும் நெற்றியில் வேர்வை.

"கோயில்ல நல்ல கூட்டமாங்க?" என்றாள் அடைக்கலமேரி.

"ம்... ஆமா மேரி. உக்கார எடமில்ல."

"செபம் சொல்லியா இப்படி வேர்த்துருச்சு?"

"உருக்கமா சொன்னேன்ல."

சுவாமிநாதனைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார்.

சுவாமிநாதனுக்குப் பொறுக்கவில்லை. "சாமி பேரைச் சொல்லிப் பொய்! நீங்க கேக்குறீங்களா, நான் கேக்கவா?" எழுந்தேவிட்டார்.

"ஐயையோ, வேண்டாம்ணே!" அடைக்கலமேரி கையெடுத்துக் கும்பிட்டாள். குரல் தணிந்தது. "எனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரியக் கூடாது."

"என்னது, உங்களுக்குத் தெரியுமா?"

"பழனிக்குமார்கிட்ட நான்தான் பேசி வச்சிருக்கேன். ஒரு பஜ்ஜிக்கு மேல கேட்டா தீந்துபோச்சுன்னு சொல்லிருவாரு. டீயிலயும் சீனி கெடையாது."

"அந்த ஒண்ணுதான் எதுக்கு?"

"முதல்ல நம்ம தெருமுனைக் கடையிலதான் தின்னாக. குடுக்காதீங்கன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்தேன். கொஞ்சம் தள்ளி மூஞ்சிக்கல் கடைக்குப் போனாக. அங்கயும் சொன்னேன். இன்னும் தள்ளி ஏழு ரோடு முக்குக் கடைக்குப் போனாக. அப்பத்தாண்ணே எனக்கு மண்டையில உறைச்சுச்சு, நடங்கன்னு சொன்னா நடக்காத மனுசன், திங்காதீங்கன்னா நடக்குறாகளேன்னு!"

சுவாமிநாதன் மெல்ல உட்கார்ந்தார்.

"அதான் ஏழு ரோட்டுலயும் குடுக்க வேண்டாம்னு சொல்லி நாயுடுபுரத்துக்கு வெரட்டிட்டேன். இந்த ஆனந்தகிரியிலருந்து அது எம்புட்டுத் தூரம்! போறதும் நடை, வாரதும் நடை. பஸ்ல ஏறுனா தெரிஞ்சவங்க யாராவது பாத்து எங்கிட்ட சொல்லிருவாங்கன்னு பயம். செபமாலை முடிஞ்ச நேரத்துக்கு வீடு வந்து சேரணுமே, அதனால வெரசாவும் நடக்குறாக."

"சுகர்?"

"போன வாரம் ரத்தம் குடுத்துப் பாத்தோம். நல்லா எறங்கியிருக்கு. இப்போதைக்கு ஊசி வேண்டாம்னுட்டாரு டாக்டர்." அவள் கண் கலங்கியது. "அவுக அண்ணன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கூட இருந்து பாத்தவ நான். அந்தக் கெதி இவுகளுக்கு வந்துறக் கூடாதுண்ணே."

பின்பக்கத்தில் மரியசூசை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

சுவாமிநாதனும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி தங்கச்சி. நான் எதையும் பாக்கல. பழனிக்குமார் கடை இப்படியே நடக்கட்டும்."

"அது எப்படிண்ணே! இப்பல்லாம் நாயுடுபுரம் போயி வாரதுக்கு இவுகளுக்கு மூச்சே வாங்கல. அடுத்த வாரம் அந்தக் கடையிலயும் குடுக்க வேண்டாம்னு சொல்லப் போறேன். அப்சர்வேட்டரி மேட்டுல ஒரு பஜ்ஜிக்கடை இருக்காம். நல்ல ஏத்தம்!"